எந்தப் பாதரசம்?



பாதரசம் என்றதும் நம் மாணவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஓர் எண்: 13.6! ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் வென்சுரிமீட்டர் பரிசோதனை செய்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "13.6-ல் 1 போக 12.6, அதை மேனோமீட்டர் வித்தியாசத்தால் பெருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். வைவாவில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பாதரசத்தைப் பற்றிய நம் படிப்பு அந்த ஒற்றை எண்ணோடு முடிந்துவிடுகிறது.

படிப்பு முடிந்த இடத்தில் வாய்ப்பேச்சு ஆரம்பிக்கிறது. ஹாஸ்டலில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாப்ள, சின்ன வயசுல தெர்மாமீட்டரை உடைச்சு உள்ளங்கையில உருட்டி விளையாடியிருக்கோம், செத்தா போயிட்டோம்?" என்று கேட்கும். மறு கட்சி, "ஒரு சொட்டு போதும், ஊரே காலி!" என்று பயமுறுத்தும். இரண்டு கட்சியும் ஒரே தப்பைச் செய்கின்றன என்பது என் கட்சி. பாதரசத்தை ஒரே பொருளாக நினைத்துக்கொண்டு பேசுவதுதான் அந்தத் தப்பு.

சாரையும் பாம்புதான், நல்லதும் பாம்புதான், கட்டுவிரியனும் பாம்புதான். "பாம்பு கடிச்சிருச்சு" என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பாம்பு?" பாதரச விஷயத்தில் அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பால் ஒன்று, பண்டம் பல

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வாசலில் நின்று பாருங்கள். வந்து இறங்குவது ஒரே பால். அதே பால் தயிராகிறது, மோராகிறது, வெண்ணெயாகிறது, நெய்யாகிறது, பால்கோவாவாகிறது. பால் ஒரு நாள் தாங்காது. நெய் மாதக்கணக்கில் இருக்கும். மோர் தண்ணீரில் கலந்துவிடும், நெய் மிதக்கும். மூலம் ஒன்று, குணம் வேறு வேறு. பாதரசமும் அப்படியே.

நம் முன்னோர் இதைக் கவனித்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் 'பஞ்ச சூதம்' என்று ஐந்தைச் சொல்வார்கள்: ரசம், லிங்கம், பூரம், வீரம், ரசசெந்தூரம். ரசம் என்பது உருண்டோடும் உலோகப் பாதரசம். லிங்கம் என்பது கந்தகத்தோடு சேர்ந்த சிவப்புத் தாது. நாம் படிக்கும் மெர்க்குரிக் சல்ஃபைடு. ரசசெந்தூரமும் அந்த இனம்தான், செயற்கையாகச் செய்தது. பூரம் என்பது மெர்க்குரஸ் குளோரைடு. வீரம் என்பது மெர்க்குரிக் குளோரைடு. பெயரே சொல்கிறது பாருங்கள், 'வீரம்'! பூரம் ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம்தான் கரையும். வீரமோ 100 மில்லி தண்ணீரில் சுமார் 7 கிராம் கரையும். கரைவது உடம்புக்குள் போகும். போவது வேலையைக் காட்டும். சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும் கொடிய விஷம் அது.

இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி, "அண்ணாச்சி, கால் பலம் லிங்கம் குடுங்க" என்று யாரும் கேட்க வேண்டாம்! சாது என்று நம்பிய பூரத்தை மேல்நாட்டில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பவுடரில் கலந்து விற்றார்கள். கைகால் சிவந்து வலியால் துடிக்கும் ஒரு நோய் அந்தக் குழந்தைகளுக்கு வந்தது. 20-ம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பவுடரை நிறுத்திய பிறகே அந்த நோய் மறைந்தது. 'குறைந்த விஷம்' என்பதற்கு 'விஷமில்லை' என்று அர்த்தமில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஐந்துக்கும் ஐந்து பெயர் வைத்த மரபு நம்முடையது. நாமோ ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டோம்.

நாலு முகம்

இன்றைய வேதியியல் கணக்குப்படி, சுற்றுச்சூழலில் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டிய முகங்கள் நான்கு.

முதலாவது, உலோகப் பாதரசம். இதை விழுங்கினால் பெரும்பாலும் குடல் வழியே அப்படியே வெளியே போய்விடும். உடம்பில் ஏறுவது 10,000-ல் ஒரு பங்குகூட இல்லை. தெர்மாமீட்டரைக் கடித்த குழந்தைகள் பிழைத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் அதே பாதரசம் ஆவியாகி மூக்கு வழியே போனால், சுவாசித்ததில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் ஏறிவிடும். அங்கிருந்து மூளைக்குள் போய், அங்கே அயனியாக மாறி, வெளியே வர வழி தெரியாமல் தங்கிவிடும். வாய் வழி போனால் சாரை, மூக்கு வழி போனால் நல்லபாம்பு!

ஆவியாகுமா என்று சந்தேகமா? கொதிநிலை 357 டிகிரி என்பதை நம்பி ஏமாறக் கூடாது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். கொடியில் போட்ட வேட்டி காயவில்லையா? 20 டிகிரியில் மூடிய அறையில் பாதரசம் கிடந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14 மில்லிகிராம் வரை ஆவி சேர முடியும். நம் ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில், 35 டிகிரியில், அது ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை 8 மணி நேர வேலைக்கு அனுமதித்த ஆவி அளவு 0.05 மில்லிகிராம். வித்தியாசத்தை நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அயனிப் பாதரசம். ஆவியாகப் போன பாதரசம் காற்றில் மாதக்கணக்கில் சுற்றும். நாடு விட்டு நாடு போகும். ஓசோன் போன்றவற்றோடு சேர்ந்து மெல்ல அயனியாக மாறும். மாறியதும் கரையும் குணம் வந்துவிடும். மழையில் இறங்கி மண்ணின் மக்கைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, கந்தகத்தில் கட்டுண்ட பாதரசம், அதாவது லிங்கம். இது தண்ணீரில் கரையவே மறுக்கும். நாலு முகத்தில் சாந்த முகம் இதுதான்.

நான்காவதுதான் நம் கதாநாயகன், இல்லை, வில்லன்! பெயர் மெத்தில் பாதரசம். ஒரு பாதரச அணுவோடு ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொண்டால் குணமே தலைகீழாகிவிடும். சாப்பாட்டோடு போனால் சுமார் 95 சதவீதம் உடம்பில் ஏறும். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்துகொண்டு, மெத்தியோனின் மாதிரி வேஷம் போட்டு, மூளையின் வாசற்காவலைத் தாண்டிப் போகும். தாயின் நஞ்சுக்கொடியைக் கடந்து வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் போகும். உடம்பில் ஏறியதில் பாதி வெளியேறவே 50 முதல் 70 நாள் ஆகும்.

சேற்றுக்குள் நடக்கும் சமையல்

இந்த மெத்தில் பாதரசத்தை யார் தயாரிக்கிறார்கள்? எந்த ஃபேக்டரியிலும் இல்லை. காற்றில்லாத சேற்றுக்குள் வாழும் சில பாக்டீரியாக்கள் தயாரிக்கின்றன. குறிப்பாக, ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டை வைத்துப் பிழைப்பு நடத்தும் பாக்டீரியாக்கள். இதற்கு வேண்டிய இரண்டு ஜீன்களை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 2013-ல் அடையாளம் கண்டார்கள். அந்த ஜோடி ஜீன் உள்ள பாக்டீரியா இருக்க வேண்டும், அயனிப் பாதரசம் இருக்க வேண்டும், மக்கும் இலைதழை இருக்க வேண்டும், காற்றுப் புகாத ஈரச் சேறு இருக்க வேண்டும். நாலும் கூடினால் சமையல் ஆரம்பம்!

அடுத்து சாப்பாட்டு வரிசை. சேற்றில் உண்டானதை நுண்பாசி எடுத்துக்கொள்ளும். பாசியைப் பூச்சி தின்னும். பூச்சியைக் கெண்டைக்குஞ்சு தின்னும். குஞ்சை விரால் தின்னும். ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். தண்ணீரில் அளக்கவே முடியாத அளவில் இருந்தது, பெரிய மீனின் சதையில் லட்சக்கணக்கான மடங்காகச் சேர்ந்து நிற்கும். கொழுப்பில்தான் தங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அது தசைப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பை வெட்டி எறிந்தாலும், கழுவினாலும், வறுத்தாலும், புளி ஊற்றிக் குழம்பு வைத்தாலும் போகாது.

ஒன்றைக் கவனியுங்கள். இது ஒருவழிப் பாதையும் அல்ல. சில பாக்டீரியாக்கள் மெத்திலைப் பிரித்து எடுத்துவிடும். வெயிலும் பிரிக்கும். அயனியை மறுபடி உலோகமாக்கி ஆவியாக அனுப்பிவிடும் பாக்டீரியாக்களும் உண்டு. ஆக, பாதரச அணு சாவதே இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டே ஊர் சுற்றுகிறது.

ஊரார் கற்ற பாடம்

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற கம்பெனி, அசிட்டால்டிஹைடு தயாரிக்க மெர்க்குரிக் சல்ஃபேட்டை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. போட்டது கனிமப் பாதரசம். ஆனால் அந்தக் கொதிகலனுக்குள்ளேயே கொஞ்சம் மெத்தில் பாதரசம் உண்டாகிக் கழிவோடு கடலில் கலந்தது. முதலில் பூனைகள் ஆட்டம் போட்டுச் செத்தன. பிறகு மனிதர்கள். 1956 மே 1-ம் தேதி அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆனால் கழிவு நின்றது 1968-ல்தான். நடுவில் 12 ஆண்டுகள்! "நாங்கள் பயன்படுத்துவது கனிமப் பாதரசம், நோயாளிகளிடம் இருப்பது கரிமப் பாதரசம்; எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்ற ரீதியில் அந்த விவாதம் இழுத்தடிக்கப்பட்டது. உருவம் தெரியாததால் காலதாமதம், காலதாமதத்தால் பிணங்கள்.

1971-72-ல் ஈராக்கில் நடந்தது இன்னும் கொடுமை. விதைக்கென்று மெத்தில் பாதரச மருந்து தடவி வந்த கோதுமையைப் பசியால் ரொட்டி சுட்டுத் தின்றார்கள். 6,530 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 459 பேர் இறந்தார்கள்.

லேபில் வேலை செய்யும் நமக்கு மூன்றாவது கதை முக்கியம். அமெரிக்காவில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியை, 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தை எடுக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு கையுறை மேல் விழுந்தது. லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தார், விதிப்படிதான் நடந்தார். அந்தத் திரவம் ரப்பரைச் சில நொடிகளில் கடந்துவிடும் என்பது அப்போது தெரியாது. 1997 ஜூன் 8-ல் அவர் இறந்தார். உள்ளங்கையில் உருட்டி விளையாடிய பாதரசமும், கையுறை மேல் பட்ட சொட்டும் ஒரே தனிமத்தின் இரண்டு முகங்கள். நம் ஹாஸ்டல் கட்சிகள் இரண்டும் யோசிக்கட்டும்.

கொடைக்கானலும் 20 என்ற எண்ணும்

ஜப்பானும் ஈராக்கும் தூரம். கொடைக்கானல்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், நாம் எக்ஸ்கர்ஷன் போகிற ஊர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் அங்கே கொண்டுவரப்பட்டது. 1987-ல் அது யூனிலீவர் குழுமத்தின் கைக்குப் போனது. 2001 மார்ச் 7-ம் தேதி, மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊர் மக்களும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியே அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

வேலை செய்தவர்கள்? நம் வயசுப் பையன்களும் பெண்களும்தான் அங்கே சேர்ந்தார்கள். தாங்கள் கையாள்வது எந்த உருவத்தில், எந்த வழியாக உடம்புக்குள் போகும் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதே அவர்களின் குறை. ஆலையால் உடல்நலம் கெட்டது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. கடைசியில் 2016 மார்ச்சில், சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்த வழக்கில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் ஏற்பட்டது, கருணைத்தொகை வழங்கப்பட்டது. ஆலை மூடி 15 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஆலையிலிருந்து வழியும் நீர் பாம்பாற்றுச் சோலைப் பக்கம் இறங்குகிறது. கும்பக்கரை அருவியில் விழுந்து, வராக நதியாகி, வைகையில் சேர்கிற நீர் அது. ஊர் நடுவில் உள்ள ஏரி அந்த வழியில் இல்லை. அப்படியும், ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூடத்தினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்தது. சேற்றில் இருந்த பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் மெத்தில் உருவத்தில் இருந்தது. தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரியில் அது 3-4 சதவீதம், குக்கல் ஏரியில் 2 சதவீதம். ஓடை போகாத ஏரிக்குப் பாதரசம் எப்படிப் போனது? காற்று வழியாகத்தான். ஆவியாய்ப் போய், அயனியாய் இறங்கி, சேற்றில் மெத்திலாகி, மீனுக்குள் புகுந்தது. மேலே நான் சொன்ன நாலு முகத்தில் மூன்றை அந்த ஒரே ஏரியில் பார்த்துவிடலாம்.

இனிதான் என் முக்கியமான வாதம். ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்ய ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்று இலக்கு வைத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்றது. "போதும்" என்று ஒரு தரப்பு. "போதவே போதாது" என்று இன்னொரு தரப்பு. பேப்பரில் படிக்கும் நமக்கு எது சரி என்று எப்படித் தெரியும்?

பிரிட்டனில் 2009-ல் குடியிருப்பு மண்ணுக்கு வெளியிட்ட வழிகாட்டு அளவைப் பாருங்கள். கனிமப் பாதரச உப்பாக இருந்தால் கிலோவுக்கு 170 மில்லிகிராம். மெத்தில் பாதரசமாக இருந்தால் 11. உலோகப் பாதரசமாக இருந்தால் 1. ஒரே மண், ஒரே தனிமம், மூன்று எண்! 20 என்பதை 170-க்குப் பக்கத்தில் வைத்தால் 'பரவாயில்லையே' என்று தோன்றும். 1-க்குப் பக்கத்தில் வைத்தால் 20 மடங்கு அதிகம். தெர்மாமீட்டர் ஆலையில் கொட்டியது உலோகம். அது வருஷக்கணக்கில் மழையில் நனைந்து எவ்வளவு அயனியானது, எவ்வளவு மக்கில் கட்டுண்டது, எவ்வளவு இன்னும் உலோகமாகவே மண் இடுக்கில் கிடக்கிறது என்று பிரித்து அளக்காமல் 20 என்று சொல்வது, 'நோயாளிக்குக் காய்ச்சல்' என்று மட்டும் எழுதிய மருத்துவச் சீட்டுக்குச் சமம். அதோடு, இந்த மூன்று எண்ணும் அந்த மண்ணில் குடியிருப்பவர்களுக்காகப் போட்டவை. கீழே ஓடும் ஆற்று மீனுக்காகப் போட்டவை அல்ல. சோலைக்காட்டின் ஈரச் சேறு மெத்தில் சமையலுக்கு ஏற்ற அடுப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

நம்ம ஊர் டியூப்லைட்

"கொடைக்கானல் கதை எதுக்குப்பா, நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு: அண்ணாந்து பாருங்கள்!

ராஜபாளையம், சத்திரப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரத்தில் எத்தனை மில், எத்தனை தறி! ராப்பகலாய் எரிந்தவை டியூப்லைட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம். இப்போது எல்.இ.டி. வந்தாச்சு. ஒவ்வொரு மில்லிலும் ஆயிரக்கணக்கில் பழைய டியூப்பைக் கழற்றுகிறார்கள். கரண்ட் மிச்சம், நல்ல காரியம். கழற்றியது எங்கே போகிறது?

இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒரு மில்லில் நான் பார்த்தேன். பழைய டியூப்பைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்து, இடம் அடைக்காமல் நொறுக்கினார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம், "அண்ணே, இதுல மெர்க்குரி இருக்குண்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இருவது வருஷமா உடைக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றார். நல்ல மனிதர், எனக்கு மோட்டார் வைண்டிங் சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் விதண்டாவாதம் செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாதரச ஆவி ஆளை அடித்து வீழ்த்தாது. கை லேசாக நடுங்கும், எரிச்சல் வரும், மறதி வரும், தூக்கம் கெடும். நைட் ஷிப்ட் பார்க்கிற எவரும் அதை நைட் ஷிப்டின் கணக்கில்தான் எழுதுவார். பாதரசத்தின் கணக்கில் எழுத மாட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டியூப்பில் 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டியூப்பில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஸ்டோர் ரூம் 100 கன மீட்டர். ஒரே டியூப்பின் பாதரசம் முழுக்க ஆவியானால் கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்தச் சட்டம் சொன்ன எல்லை அதுதான். எல்லாம் ஒரே நேரத்தில் ஆவியாகாது. வெள்ளைப் பவுடரில் ஒட்டியிருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும். ஆனால் அடித்து நொறுக்கியது ஒரு டியூப் இல்லையே? 2,000 டியூப் என்றால் 10 கிராம். அதைக் குப்பையோடு கொளுத்தினால் மெதுவாக வர வேண்டியது ஒரே மணி நேரத்தில் வானத்துக்குப் போகும். கண்மாய்க் கரையில் கொட்டினால் மழைக்குக் கண்மாய்க்குள் இறங்கும். கோடையில் வற்றி, மழையில் நிறைந்து, கருவேல இலையும் ஆகாயத்தாமரையும் மக்கிக் கிடக்கும் கண்மாய்ச் சேற்றுக்குப் பாக்டீரியாப் பஞ்சம் கிடையாது. தண்ணீர் வற்றும்போது ஊரே கூடி மீன் பிடிப்போம். விரால் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. வரிசையின் உச்சியில் உட்கார்ந்திருப்பது அந்த விரால் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டம் இல்லாமலில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் அடக்கம். பாதரசத்துக்கென்றே ஓர் உலக ஒப்பந்தம், மினமாட்டா பெயரில், 2017-ல் அமலுக்கு வந்தது. 2018-ல் இந்தியா அதை ஏற்றது. குழாய் விளக்குகளின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-ல் அந்த நாடுகள் கூடி முடிவெடுத்தன. பக்கத்தில் சிவகாசிப் பட்டாசிலும் பாதரசம் கூடாதென்று உச்சநீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. உற்பத்திக்குக் கதவு சாத்தியாச்சு. ஆனால் ஏற்கனவே உள்ளே வந்தது எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டியவர்கள் மெயின்டனன்ஸ் ஆட்கள். அதாவது, நாளைக்கு நாம்!

ஒரு எதிர்வாதம்

இதை நண்பர்களிடம் பேசியபோது கெமிக்கல் பிரிவு நண்பர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "நீ சொல்றபடி உருவத்தைப் பார்த்துத்தான் ஆபத்தைச் சொல்லணும்னா, ஒவ்வொரு கம்பெனிக்காரனும் 'எங்களோடது சாது உருவம்'னு சொல்லித் தப்பிச்சுடுவானே? மொத்தப் பாதரசம்னு ஒரே எண்ணை வெச்சு எல்லாரையும் பிடிக்கிறதுதானே நியாயம்?"

யோசிக்க வேண்டிய வாதம்தான். மினமாட்டாவில் அப்படித் தப்பிக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் அதற்குப் பதில் உருவத்தை மறப்பதல்ல. உருவம் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான். மொத்த அளவு, பெட்டிக்குள் எத்தனை பாம்பு என்று சொல்லும். உருவம், இன்று எது படம் எடுத்து நிற்கிறது என்று சொல்லும். இடம், நாளைக்கு எது எதுவாக மாறும் என்று சொல்லும். மூன்றும் வேண்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்று மொத்த அளவில் எல்லை வைத்திருப்பது சரிதான். அதே நேரத்தில் நம் உணவுப் பாதுகாப்பு விதிமுறை 2011-லேயே மெத்தில் பாதரசத்துக்குத் தனி எல்லை வைத்தது. பழைய தொழிற்சாலைகள் சட்டமும் ஆவிக்கு 0.05 என்றும், மெத்தில் இனத்துக்கு 0.01 என்றும் தனித்தனியே சொன்னது. சட்டம் எழுதியவர்களே பிரித்துப் பார்த்திருக்கும்போது, படிக்கிற நாம் பிரித்துப் பார்க்காவிட்டால் எப்படி?

நம் லேபிலிருந்து தொடங்குவோம்

ஊருக்கு உபதேசம் செய்யும் முன், நம் வீட்டை முதலில் பார்ப்போம். மேனோமீட்டரில் காற்று எடுக்கும்போது காக்கைச் சட்டென்று திறந்தால் பாதரசம் சர்ரென்று சம்ப்புக்குள் போய்விடும் என்பது லேப் போன எல்லோருக்கும் தெரியும். சிதறியதை விளக்குமாற்றால் கூட்டினால் ஒரு முத்து நூறு முத்தாகும். பரப்பு கூடும், ஆவியும் கூடும். மாணவர் மன்றத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. சிதறிய பாதரசத்தைத் துடைப்பம் தொடக் கூடாது. சன்னலைத் திறந்து, அட்டையால் ஒதுக்கி, டிராப்பரால் உறிஞ்சி, மேலே தண்ணீர் நிற்கும் மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்க்க வேண்டும். அந்தப் பாட்டிலுக்கு லேபில் ஒரு நிரந்தர இடம் வேண்டும்.

2. இடுக்கில் போனதற்குக் கந்தகப் பவுடர் தூவலாம். மேற்பரப்பு மெல்ல லிங்கமாக மாறி ஆவி குறையும். ஆனால் உள்ளே உலோகம் அப்படியே இருக்கும். ஆகவே தூவியதோடு விடாமல் பவுடரையும் அள்ளி அதே பாட்டில் பக்கத்தில் மூடி வைக்க வேண்டும்.

3. உடையும் கண்ணாடித் தெர்மாமீட்டருக்குப் பதில் ஆல்கஹால் தெர்மாமீட்டரோ டிஜிட்டலோ வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் மனு கொடுக்க வேண்டும். மேனோமீட்டருக்கும் டிஜிட்டல் வந்துவிட்டது. 12.6 கணக்கைப் படிக்கப் புத்தகம் போதும்.

4. வகுப்பறைகளில் கழற்றும் டியூப்களை உடைக்காமல், அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே நிற்க வைத்து, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். டிரெயினிங் போகிற மில்களிலும் இதையே எடுத்துச் சொல்ல வேண்டும், மரியாதையாக.

இவற்றுக்கு லட்சம் ரூபாய் ஆகாது. ஒரு பாட்டில், ஒரு பாக்கெட் கந்தகம், கொஞ்சம் அட்டைப்பெட்டி, நிறைய பிடிவாதம்.

தோழர்களே! டிப்ளமோ முடித்து நாம் போகிற இடங்கள் மில், சிமென்ட், பவர் ஸ்டேஷன், கெமிக்கல் பிளான்ட், ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸ். நிலக்கரி எரியும் இடமெல்லாம், சுண்ணாம்புக்கல் வேகும் இடமெல்லாம் துளித்துளியாய்ப் பாதரசம் வெளியே வரும். என்ஜினீயர் மேஜையில் ரிப்போர்ட்டைப் பார்ப்பார். ஹெல்ப்பர் கையால் அள்ளுவார். நடுவில் நிற்பவர் சூப்பர்வைசர். அந்த நாற்காலி நமக்கானது. ரிப்போர்ட்டில் 'பாதரசம் – எல்லைக்குள் உள்ளது' என்று ஒரே வரி இருந்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு? எந்த உருவம்? எங்கே கிடக்கிறது?

கேட்டால் கோபப்படுவார்கள், படட்டும். கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்காக அந்தக் கேள்வியை ஒரு சூப்பர்வைசர் கேட்டிருக்கலாம். நமக்குக் கீழே வேலை பார்க்கப் போகிற பிள்ளைகளுக்காக நாம் கேட்போம்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை